தானமாகப் பெறும் இரத்தம்: பரிசோதனை எதுவரை காக்கும்?

இங்கிலாந்தில் குடும்ப மருத்துவரிடம் புதிதாகப் பதிவு செய்துகொள்பவர்களில், 1996 ஆம் ஆண்டுக்கு முன்னர் பிறந்தவர்களிடம் 2025 ஆம் ஆண்டு ஜூன் மாதம் முதல் ஒரு கேள்வி கேட்கப்படுகிறது. 1996 ஆம் ஆண்டுக்கு முன்னர் உங்களுக்கு இரத்தம் ஏற்றப்பட்டதுண்டா என்பதே அக்கேள்வி. ஆம் என்று பதிலளிப்பவர்களுக்கு, கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் சி வைரஸ் அவர்கள் உடலில் உள்ளதா என்பதைக் கண்டறியும் பரிசோதனை வழங்கப்படுகிறது.

முப்பது ஆண்டுகளுக்கு முன்னர் ஏற்றப்பட்ட இரத்தத்தைப் பற்றி இப்போது ஏன் விசாரிக்க வேண்டும் என்ற கேள்வி எழலாம். ஹெபடைடிஸ் சி வைரஸ் எந்த அறிகுறியையும் காட்டாமல் பல பத்தாண்டுகள் உடலில் தங்கியிருந்து, கல்லீரலைச் சிறிது சிறிதாகச் சிதைக்கக் கூடியது. தமக்குத் தொற்று ஏற்பட்டிருப்பதையே அறியாத மனிதர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களைக் கண்டறிய வேண்டும் என்பது, பிரிட்டனில் தொற்றுள்ள இரத்தம் குறித்து சர் பிரையன் லாங்ஸ்டாஃப் தலைமையில் நடைபெற்ற பொது விசாரணையின் பரிந்துரைகளில் ஒன்று.

2024 ஆம் ஆண்டு மே மாதம் 20 ஆம் திகதி வெளியான அந்த விசாரணையின் அறிக்கை, 1970களிலிருந்து 1990களின் தொடக்கம் வரையில் பிரிட்டனில் சுமார் 30,000 பேர் இரத்தம் மூலமாகவோ இரத்தத்திலிருந்து தயாரிக்கப்பட்ட மருந்துகள் மூலமாகவோ எச்.ஐ.வி. அல்லது ஹெபடைடிஸ் வைரஸ் தொற்றுக்கு ஆளானதாகவும், அவர்களில் சுமார் 3,000 பேர் இறந்துவிட்டதாகவும் கூறியது. இது ஒரு விபத்து அல்ல என்பதும், பெருமளவில் தவிர்த்திருக்கக் கூடியது என்பதும் அறிக்கையின் முடிவு. அன்றைய பிரதமர் ரிஷி சுனக் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கோரினார்.

இரத்தத்தைப் பரிசோதிக்கும் தொழில்நுட்பம் அதன் பின்னர் பெரிதும் முன்னேறிவிட்டது. எனினும், பரிசோதனை என்பது எதைக் காண முடியும், எதைக் காண முடியாது என்பதைப் புரிந்துகொள்வது, இரத்தம் கொடுப்பவர்களுக்கும் பெறுபவர்களுக்கும் இன்றும் முக்கியமாகவே உள்ளது.

மூன்று வகைப் பரிசோதனைகள்

ஒருவர் தரும் இரத்தம் வழக்கமாகச் சிவப்பணுக்கள், பிளாஸ்மா எனப்படும் நீர்மப் பகுதி, இரத்தத் தட்டுகள் என்று பிரிக்கப்படுகிறது. ஆகவே ஒரே தானம் மூன்று நோயாளிகள் வரையில் சென்றடையக் கூடும். அதில் தொற்று இருந்து கண்டறியப்படாமல் போனால், பாதிப்பும் அவ்வாறே பரவும்.

இரத்தம் எடுக்கப்படும்போதே அதன் சிறு மாதிரி தனிக் குழாய்களில் சேகரிக்கப்பட்டு ஆய்வுகூடத்துக்கு அனுப்பப்படுகிறது. அங்கு நடைபெறும் வைரஸ் பரிசோதனைகள் மூன்று வகைப்படும்.

முதலாவது, நோய்க்கு எதிராக உடல் உற்பத்தி செய்யும் எதிர்ப்பொருட்களைத் தேடும் பரிசோதனை. எலிசா என்ற பெயரில் பரவலாக அறியப்படும் முறை இதற்குப் பயன்படுகிறது. இது வைரஸை நேரடியாகக் காண்பதில்லை. வைரஸ் வந்து போனதற்கோ, தங்கியிருப்பதற்கோ உடல் விட்டுவைத்த தடயத்தையே இது காண்கிறது.

இரண்டாவது, வைரஸின் புரதப் பகுதியைத் தேடும் பரிசோதனை. ஹெபடைடிஸ் பி வைரஸின் மேலுறைப் புரதத்தைத் தேடுவது இதற்கு எடுத்துக்காட்டு.

மூன்றாவது, நாட் என்று சுருக்கமாக அழைக்கப்படும் நியூக்ளிக் அமிலப் பரிசோதனை. வைரஸின் மரபுப் பொருளைப் பல மடங்கு பெருக்கி அடையாளம் காணும் இந்த முறை 1990களின் பிற்பகுதியில் பயன்பாட்டுக்கு வந்தது. செலவைக் குறைப்பதற்காகப் பலருடைய மாதிரிகளை ஒன்றாகக் கலந்து பரிசோதிப்பதும், கலவையில் வைரஸ் தென்பட்டால் ஒவ்வொரு மாதிரியையும் தனித்தனியாக ஆராய்வதும் வழக்கம்.

மறைந்திருக்கும் நாட்கள்

வைரஸ் உடலுக்குள் நுழைந்த நாளுக்கும், அது பரிசோதனையில் முதன்முதலாகத் தென்படும் நாளுக்கும் இடையில் ஓர் இடைவெளி உண்டு. இதனை மருத்துவர்கள் சாளரக் காலம் என்று அழைக்கிறார்கள். இந்த நாட்களில் இரத்தம் கொடுப்பவர் முழு ஆரோக்கியத்துடன் இருப்பதாகவே உணர்வார். பரிசோதனையும் தொற்று இல்லை என்றே கூறும். ஆனால் இரத்தத்தில் வைரஸ் இருக்கும்.

எச்.ஐ.வி.யைப் பொறுத்தவரை, எதிர்ப்பொருள் பரிசோதனையில் இந்த இடைவெளி ஏறத்தாழ மூன்று வாரங்கள். நாட் பரிசோதனை இதனைச் சுமார் பத்து நாட்களாகக் குறைக்கிறது. ஹெபடைடிஸ் சி வைரஸில் வேறுபாடு இன்னும் பெரியது. எதிர்ப்பொருள் தோன்றுவதற்குச் சராசரியாக எட்டு முதல் பத்து வாரங்கள் ஆகும் நிலையில், நாட் பரிசோதனை ஒன்றரை வாரத்துக்குள்ளாகவே பெரும்பாலும் வைரஸைக் கண்டுவிடுகிறது. ஹெபடைடிஸ் பி வைரஸ் மெதுவாகப் பெருகுவதால், நாட் பரிசோதனையிலும் அது தென்படுவதற்குச் சில வாரங்கள் தேவைப்படுகின்றன.

அப்படியானால், பெற்ற இரத்தத்தைச் சில மாதங்கள் வைத்திருந்து, கொடுத்தவரை மீண்டும் பரிசோதித்த பின்னர் பயன்படுத்தலாமே என்று கேட்கலாம். உறைய வைக்கப்பட்ட பிளாஸ்மாவில் இது சாத்தியம். சில நாடுகள் இவ்வாறு செய்தும் உள்ளன. ஆனால் குளிரூட்டி வைக்கப்படும் சிவப்பணுக்களின் ஆயுள் அதிகபட்சம் ஆறு வாரங்களே. இரத்தத் தட்டுகளை ஐந்து முதல் ஏழு நாட்களுக்குள் பயன்படுத்திவிட வேண்டும். எனவே, காத்திருப்பதற்கு அவகாசம் இல்லை.

பரிசோதனைக் கருவி காண முடியாத அந்த நாட்களுக்கு இருக்கும் ஒரே பாதுகாப்பு, இரத்தம் கொடுப்பவர் கேள்விப் படிவத்தில் தரும் உண்மையான பதில்தான்.

அறிவியலும் தாமதமும்

இரத்தம் மூலமாகப் பரவும் வைரஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாகவே அறிவியலுக்குத் தெரியவந்தன. அமெரிக்க ஆய்வாளர் பாரூக் பிளம்பர்க் 1960களில் கண்டறிந்த புரதம் ஒன்று ஹெபடைடிஸ் பி வைரஸுக்கு உரியது என்பது பின்னர் தெளிவானது. இக்கண்டுபிடிப்புக்காக அவருக்கு 1976 ஆம் ஆண்டு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. 1970களில் ஹெபடைடிஸ் பி பரிசோதனை வந்த பின்னரும், இரத்தம் ஏற்றிக்கொண்டவர்களில் பலருக்குக் கல்லீரல் அழற்சி தொடர்ந்து ஏற்பட்டது. அது ஏ வகையுமல்ல, பி வகையுமல்ல என்பது மட்டுமே அப்போது தெரிந்திருந்தது. ஹெபடைடிஸ் சி வைரஸ் 1989 ஆம் ஆண்டுதான் அடையாளம் காணப்பட்டது. இதற்காக ஹார்வி ஆல்ட்டர், மைக்கேல் ஹாட்டன், சார்லஸ் ரைஸ் ஆகிய மூவருக்கும் 2020 ஆம் ஆண்டு நோபல் பரிசு வழங்கப்பட்டது.

எச்.ஐ.வி.க்கான பரிசோதனை அமெரிக்காவில் 1985 ஆம் ஆண்டு மார்ச் மாதம் அனுமதி பெற்றது. பிரிட்டனில் இரத்ததானம் முழுவதையும் பரிசோதிக்கும் முறை அதே ஆண்டு அக்டோபர் மாதம் தொடங்கியது. ஹெபடைடிஸ் சி விடயத்தில் இடைவெளி மேலும் நீண்டது. ஜப்பான் 1989 ஆம் ஆண்டிலும் அமெரிக்கா 1990 ஆம் ஆண்டிலும் பரிசோதனையைத் தொடங்கிவிட்டிருந்த நிலையில், பிரிட்டன் 1991 ஆம் ஆண்டு செப்டம்பரில்தான் தொடங்கியது.

இந்தத் தாமதம் நீதிமன்றத்துக்கும் சென்றது. ஹெபடைடிஸ் சி தொற்றுள்ள இரத்தம் குறைபாடுள்ள பொருளே என்றும், அன்றைய நிலையில் அந்தத் தொற்றைத் தவிர்த்திருக்க முடியாது என்ற வாதம் பொறுப்பிலிருந்து விடுவிக்காது என்றும் இங்கிலாந்தின் உயர்நீதிமன்றம் 2001 ஆம் ஆண்டு தீர்ப்பளித்தது. தாம் பெறும் இரத்தம் தூய்மையானது என்று எதிர்பார்க்கப் பொதுமக்களுக்கு உரிமை உண்டு என்பதே அத்தீர்ப்பின் அடிப்படை.

மிக மோசமாகப் பாதிக்கப்பட்டவர்கள், இரத்தம் உறையாத ஹீமோஃபிலியா நோய் உள்ளவர்கள். அவர்களுக்கான உறைபொருள் மருந்து, ஆயிரக்கணக்கானோரின் பிளாஸ்மாவை ஒன்றாகக் கலந்து தயாரிக்கப்பட்டது. கலவையில் ஒருவரிடம் தொற்று இருந்தாலும் அது முழுவதையும் மாசுபடுத்தக் கூடும். இம்மருந்தின் பெரும்பகுதி அமெரிக்காவிலிருந்து இறக்குமதியானது. அங்கு பணத்துக்காகப் பிளாஸ்மா கொடுத்தவர்களில் சிறைக்கைதிகளும் அடங்குவர். இத்தகைய மருந்துகளில் பிரிட்டன் தன்னிறைவு அடைய வேண்டும் என்று 1970களின் நடுப்பகுதியில் அறிவிக்கப்பட்ட இலக்கு உரிய காலத்தில் எட்டப்படவில்லை. இரத்தம் உறைவதில் குறைபாடுள்ள சுமார் 1,250 பேர் எச்.ஐ.வி. தொற்றுக்கு ஆளானார்கள். அவர்களில் சுமார் 380 பேர் சிறுவர்கள். அவர்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் இன்று உயிருடன் இல்லை.

தமிழர்கள் பெருமளவில் குடியேறியுள்ள வேறு இரு நாடுகளும் இதே அனுபவத்தைச் சந்தித்தன. பிரான்சில், தொற்று இருப்பதை அறிந்த பின்னரும் ஹீமோஃபிலியா நோயாளிகளுக்கு மருந்து விநியோகிக்கப்பட்டது தொடர்பில், தேசிய இரத்த மாற்று மையத்தின் முன்னாள் தலைவர் 1992 ஆம் ஆண்டு சிறைத்தண்டனை பெற்றார். கனடாவில் நீதிபதி ஹொரேஸ் கிரெவர் நடத்திய விசாரணையின் அறிக்கை 1997 ஆம் ஆண்டு வெளியானது. அதனைத் தொடர்ந்து, இரத்த சேகரிப்புப் பணி செஞ்சிலுவைச் சங்கத்திடமிருந்து எடுக்கப்பட்டு, 1998 ஆம் ஆண்டு புதிய அமைப்புகளிடம் ஒப்படைக்கப்பட்டது.

சென்னையும் சாத்தூரும்

இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று முதன்முதலாகக் கண்டறியப்பட்டது 1986 ஆம் ஆண்டு சென்னையில். டாக்டர் சுனிதி சாலமனும் அவரது மாணவி செல்லப்பன் நிர்மலாவும் சேகரித்த இரத்த மாதிரிகளில் அது தெரியவந்தது. அதனையடுத்து, தானமாகப் பெறும் இரத்தத்தில் எச்.ஐ.வி. பரிசோதனை 1989 ஆம் ஆண்டு கட்டாயமாக்கப்பட்டது. ஹெபடைடிஸ் சி பரிசோதனை 2001 ஆம் ஆண்டுதான் கட்டாயமானது. அதாவது, அதற்கு முன்னர் இந்தியாவில் இரத்தம் ஏற்றிக்கொண்டவர்கள், அந்த வைரஸுக்கான பரிசோதனை உறுதியில்லாத இரத்தத்தையே பெற்றிருக்கக் கூடும்.

பணத்துக்காக இரத்தம் விற்கும் வழக்கத்துக்கு எதிராக இந்திய உச்சநீதிமன்றம் 1996 ஆம் ஆண்டு தீர்ப்பளித்தது. அதன்படி 1998 ஆம் ஆண்டு ஜனவரி முதலாம் திகதியிலிருந்து அவ்வழக்கம் தடை செய்யப்பட்டது. பணத் தேவையில் இருப்பவர் தமது உடல்நிலை பற்றிய கேள்விகளுக்கு உண்மையான பதிலைத் தரத் தயங்குவார் என்பதே இத்தடைக்கான மருத்துவக் காரணம். எனினும், நோயாளியின் உறவினர் ஈடாக இரத்தம் கொடுக்க வேண்டும் என்ற வழக்கம் பல இடங்களில் தொடர்ந்தது. அங்கும் நெருக்கடி வேறு வடிவில் இருக்கிறது. மருத்துவமனையில் படுத்திருக்கும் தங்கைக்காக வந்து நிற்கும் ஒருவர், சுற்றத்தார் முன்னிலையில், என்னால் கொடுக்க முடியாது என்று சொல்வது எளிதல்ல.

பரிசோதனை விதிகள் இருந்தும் தவறு நேரலாம் என்பதைத் தமிழ்நாட்டில் விருதுநகர் மாவட்டத்தில் 2018 ஆம் ஆண்டு இறுதியில் நடந்த நிகழ்வு காட்டியது. சாத்தூர் அரசு மருத்துவமனையில் கர்ப்பிணிப் பெண் ஒருவருக்கு, சிவகாசி அரசு மருத்துவமனை இரத்த வங்கியிலிருந்து வந்த எச்.ஐ.வி. தொற்றுள்ள இரத்தம் ஏற்றப்பட்டது.

அந்த இரத்தத்தைக் கொடுத்தவர் ஓர் இளைஞர். உறவினர் ஒருவரின் தேவைக்காக அவர் கொடுத்த இரத்தம் அது. 2016 ஆம் ஆண்டு அவர் கொடுத்த இரத்தத்திலேயே தொற்று கண்டறியப்பட்டிருந்தது. ஆனால் அச்செய்தி அவரைச் சென்றடையவில்லை. வெளிநாட்டு வேலைக்காக எடுத்த மருத்துவப் பரிசோதனையில் உண்மை தெரியவந்ததும், தனது இரத்தத்தைப் பயன்படுத்த வேண்டாம் என்று அவரே இரத்த வங்கிக்குத் தகவல் கொடுத்தார். அதற்குள் காலம் கடந்துவிட்டது. மனமுடைந்த அவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அப்பெண் பின்னர் ஒரு குழந்தையைப் பெற்றெடுத்தார். குழந்தைக்குத் தொற்று பரவவில்லை. சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2019 ஆம் ஆண்டு, அப்பெண்ணுக்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க உத்தரவிட்டது.

இந்நிகழ்வில், முதல் பரிசோதனை தன் பணியைச் சரியாகவே செய்திருந்தது. அதன் முடிவு உரியவரிடம் சொல்லப்படவில்லை. அடுத்த முறை அவர் வந்தபோது அவரை அடையாளம் காணும் பதிவேடு இருக்கவில்லை. இரண்டாவது பரிசோதனை தவறியபோது தடுப்பதற்கு வேறு எதுவும் எஞ்சியிருக்கவில்லை. உண்மை தெரிந்தவுடன் தாமாக முன்வந்து தகவல் சொன்ன ஒரே நபர் அந்த இளைஞர் மட்டுமே.

கேள்விகளின் முக்கியத்துவம்

எந்த நிர்ப்பந்தமும் கைம்மாறும் இன்றி, தொடர்ச்சியாக இரத்தம் கொடுப்பவர்களே பாதுகாப்பான கொடையாளிகள் என்று உலக சுகாதார நிறுவனம் வலியுறுத்தி வருகிறது. இலங்கை 2014 ஆம் ஆண்டிலேயே முழுமையாகத் தன்னார்வக் கொடையாளிகளைக் கொண்டு இரத்தம் சேகரிக்கும் நிலையை எட்டியது. வருவாய் குறைந்த நாடுகளாலும் இது இயலும் என்பதற்கு இலங்கையை வல்லுநர்கள் எடுத்துக்காட்டுவதுண்டு.

பரிசோதனையே இல்லாத நோய்களும் உண்டு. மாட்டுப் பித்த நோயுடன் தொடர்புடைய மூளை நோய் ஒன்று இரத்தம் மூலம் பரவக் கூடும் என்பதால், 1980 ஆம் ஆண்டுக்குப் பின்னர் இரத்தம் ஏற்றிக்கொண்டவர்களிடமிருந்து பிரிட்டன் இரத்தம் பெறுவதில்லை. இதற்குக் கேள்விப் படிவம் ஒன்றே வழி. மலேரியா உள்ள நாடுகளுக்குச் சென்று திரும்பியவர்கள் சில மாதங்கள் காத்திருக்குமாறு கூறப்படுவதும் இத்தகைய முன்னெச்சரிக்கையே. தாயகம் சென்று வந்த தமிழர்கள் சிலர் இரத்ததான நிலையத்திலிருந்து திருப்பி அனுப்பப்படும்போது வருத்தமடைகிறார்கள். அது அவர்களுடைய இனத்தையோ நாட்டையோ பற்றிய தீர்ப்பு அல்ல.

கேள்விகளும் காலத்துக்கேற்ப மாறுகின்றன. ஓரினச் சேர்க்கையில் ஈடுபடும் ஆண்களை ஒட்டுமொத்தமாக விலக்கி வைக்கும் முறையைப் பிரிட்டன் 2021 ஆம் ஆண்டு கைவிட்டு, பாலினம் எதுவாயினும் ஒவ்வொருவரின் அண்மைக்கால நடத்தையையும் கேட்டறியும் முறைக்கு மாறியது. ஹெபடைடிஸ் பி வைரஸ் மிகக் குறைந்த அளவில் ஒளிந்திருக்கும் கொடையாளிகளைக் கண்டறிய, 2022 ஆம் ஆண்டு இங்கிலாந்தில் கூடுதல் பரிசோதனை சேர்க்கப்பட்டது. தெற்காசியாவிலும் கிழக்காசியாவிலும் பிறந்தவர்களிடையே இந்த வைரஸ் ஒப்பீட்டளவில் அதிகம் என்பதால், தமிழ்க் கொடையாளிகளும் இதனை அறிந்திருப்பது நல்லது.

என்ன செய்யலாம்?

இன்று பிரிட்டன் போன்ற நாடுகளில் ஒரு தானத்தின் மூலம் எச்.ஐ.வி. அல்லது ஹெபடைடிஸ் சி தொற்றும் வாய்ப்பு பத்து லட்சத்தில் ஒன்றை விடவும் குறைவு. எனவே தேவையான நேரத்தில் இரத்தம் ஏற்றிக்கொள்ள அஞ்ச வேண்டியதில்லை. இரத்தம் கொடுப்பதால் கொடுப்பவருக்குத் தொற்று ஏற்படுவதுமில்லை. ஒவ்வொருவருக்கும் புதிய ஊசியே பயன்படுத்தப்படுகிறது.

ஆனால், தமக்குத் தொற்று இருக்குமோ என்ற ஐயத்தைத் தீர்த்துக்கொள்வதற்காக இரத்ததானம் செய்வது ஆபத்தானது. தொற்று அண்மையில் ஏற்பட்டிருந்தால், அது பரிசோதனையில் தெரியாமல் நோயாளி ஒருவரைச் சென்றடையக் கூடும். ஐயம் உள்ளவர்கள் மருத்துவமனையிலோ பரிசோதனை மையத்திலோ சோதித்துக்கொள்வதே முறை. இரத்தம் கொடுத்துவிட்டு வீடு திரும்பிய பின்னர் சொல்லத் தவறிய ஒன்று நினைவுக்கு வந்தால், உடனே தொலைபேசியில் தெரிவிக்கலாம். பல நாடுகளில் இரத்த சேவைகள் இதற்கென்றே தொலைபேசி எண்ணைத் தருகின்றன. காரணம் கேட்டு யாரும் குற்றம் சாட்டுவதில்லை.

இலங்கையிலோ இந்தியாவிலோ, குடியேறிய நாட்டிலோ 1990களில் அல்லது அதற்கு முன்னர் இரத்தம் ஏற்றிக்கொண்டவர்கள் தமிழரிடையே பலர் இருப்பார்கள். பிரசவத்தின்போது, அறுவைச் சிகிச்சையின்போது, போரில் காயமுற்றபோது ஏற்றப்பட்ட இரத்தத்தைப் பற்றிய ஆவணம் எதுவும் அவர்களிடம் இல்லாமலிருக்கலாம். மயக்கத்தில் இருந்ததால் தமக்கு இரத்தம் ஏற்றப்பட்டது என்பதையே அறியாதவர்களும் இருக்கக் கூடும். அப்போது உடனிருந்த தாயோ சகோதரரோ அதை நினைவில் வைத்திருக்கலாம். அவர்களிடம் கேட்டுப் பார்ப்பது பயனுள்ளது.

ஹெபடைடிஸ் சி பரிசோதனைக்குச் சிறிதளவு இரத்தம் போதும். இங்கிலாந்தில் வீட்டிலிருந்தபடியே செய்துகொள்ளும் பரிசோதனைப் பொதியும் இலவசமாகக் கிடைக்கிறது. தொற்று இருப்பது உறுதியானாலும், இன்று எட்டு முதல் பன்னிரண்டு வாரங்கள் உட்கொள்ளும் மாத்திரைகளால் 95 சதவீதத்துக்கும் அதிகமானோர் முழுமையாகக் குணமடைகிறார்கள். கல்லீரல் கெட்டுப்போவதற்கு முன்னரே கண்டறிந்தால் பலன் அதிகம்.

பிரிட்டனில் ஹெபடைடிஸ் சி தொற்றுள்ள இரத்தத்தைப் பெற்றவர்களைத் தேடும் பணி முதன்முதலாக 1995 ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. பழைய மருத்துவக் குறிப்புகள் பல கிடைக்காததால் அப்பணி முழுமை பெறவில்லை. குடும்ப மருத்துவரிடம் இன்று கேட்கப்படும் ஒற்றை வரிக் கேள்வி, விடுபட்ட அந்தப் பணியின் தொடர்ச்சி. நோயாளியின் நினைவில் மட்டுமே எஞ்சியிருக்கும் தகவலை எந்த ஆய்வுகூடத்தாலும் கண்டுபிடிக்க முடியாது. அதைச் சொல்ல வேண்டியவர் அவரேதான்.